சாரதியும் சட்டமும்

சட்டம் என்பது அரசாங்கத்தார் அச்சிட்டு வெளியிடும் நூலோடு முற்றுப்பெறுவதென்றே யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென எனக்குக் கற்பித்தது வகுப்பறையன்று. என் அம்மானுடைய சரக்கு வண்டியேயாகும்.

அம்மான் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் தொழிலினர். ஊரார் 'குட்டியானை' என்றழைக்கும் சிறு வண்டி அவருக்குச் சொந்தம், கடன்பட்டு வாங்கியது. 2015ஆம் ஆண்டு மழைக்காலத்து விடியற்பொழுதொன்றில், சாலைத் திருப்பத்தில், சைக்கிளிற் சென்ற கொத்தனார் ஒருவர்மீது அவ்வண்டி மோதிற்று. அன்னாரது கால் முறிந்தது. அம்மானே அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார். வேகத்தைக் குறையாமை தம் குற்றமென்பதை எவரிடத்தும் மறைத்தாரில்லை.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆயினும், நஷ்டஈட்டு வழக்கில் கம்பெனியார் கூறிய மறுமொழி எங்கள் வீட்டாரைத் திகைக்கச் செய்தது. அம்மானிடம் இருந்தது இலகுரக மோட்டார் வாகன லைசென்ஸ். சரக்கு வண்டிக்குரிய 'பேட்ஜ்' அவரிடம் இல்லை. ஆதலின் பொறுப்புத் தம்முடையதன்று என்பது அவர்கள் வாதம். லைசென்ஸில் குறையிருப்பினும், கம்பெனியார் முதலில் அடிபட்டவர்க்குப் பணம் செலுத்திப் பின்னர் வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. ஆகவே கொத்தனார்க்கு ஓர் ஆறுதல் இருந்தது. அம்மானுக்கோ வண்டியையும் வீட்டையும் விற்றாலன்றி உய்வில்லை.

நிற்க. சிக்கல் எங்குளதெனின், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே உளது. சரக்கு ஏற்றும் வண்டியாயினும், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாதாயின் அஃது இலகுரக வாகனமே என்று ஓரிடத்துக் கூறும். போக்குவரத்து வாகனம் ஓட்டுதற்குத் தனி அனுமதி வேண்டுமென்று மற்றோரிடத்துக் கூறும். இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது?

2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் மூவர், அத்தகைய வண்டிக்கு இலகுரக லைசென்ஸே போதுமென்று தீர்ப்பளித்தனர். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு எங்கள் பக்கமும் வென்றது. கம்பெனியார் கொத்தனார்க்குப் பணத்தைச் செலுத்திவிட்டு, அதனை அம்மானிடம் வசூலிக்கும் உரிமை வேண்டி உயர்நீதிமன்றம் சென்றனர். 2022இல் முந்திய தீர்ப்பே மறு ஆராய்ச்சிக்காகப் பெரிய அமர்வுக்கு அனுப்பப்படவே, அம்மான் உறக்கமிழந்தார்.

2024 நவம்பர் 6 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் முதலிய ஐவர் ஒருமனதாய் அத்தீர்ப்பை நிலைநிறுத்தினர். தனி அனுமதி பற்றிய விதி 7,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கே பொருந்துமென்று கூறி, முரண்பட்ட இருவாசகங்களையும் இணக்கினர். அபாயகரமான பொருள்களை ஏற்றும் வண்டிகள் போன்றவற்றிற்குரிய தனி விதிகள் மாறவில்லை. இத்தகைய லைசென்ஸ் உடையோரால் விபத்துகள் மிகுந்தன என்பதற்குப் புள்ளிவிவரச் சான்று எதுவும் காட்டப்படவில்லை என்பதையும், இது பலருடைய பிழைப்பைத் தொடும் வழக்கென்பதையும் தீர்ப்பெழுதிய நீதிபதி ஹ்ருஷிகேஷ் ராய் சுட்டினார். சட்டநூலில் ஓரெழுத்தும் மாறாதிருக்க, எண்ணிறந்த சாரதிகளின் நிலை அன்று உறுதிப்பட்டது. சில திங்களில் எங்கள் வழக்கின் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

அச்செய்தியைக் கொண்டு யான் ஓடியபோது அம்மான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சற்று நேரம் மௌனமாயிருந்து, "மாப்பிள்ளை, என் லைசென்ஸ் செல்லுமென்று கோர்ட்டு சொல்லிவிட்டது, நான் ஓட்டியது சரியென்று சொல்லவில்லையே" என்றார். அன்று மாலையே பழங்கள் வாங்கிக்கொண்டு கொத்தனார் வீட்டிற்குச் சென்றார்.

நண்பர்களே, நம்மிற் பலர் நாளை வழக்கறிஞராகலாம். அனைவரும் வண்டியோட்டுவோம் என்பது திண்ணம். நம் உரிமை யாதென மன்றத்தார் கூறுவர். அவ்வுரிமையோடு சாலையில் இறங்கும்போது பிறர் உயிரையும் பேணக் கடவோம் என்பதை, அம்மானைப் போல் நாமே நமக்குக் கூறிக்கொள்ளுதல் வேண்டும்.