மேட்டு லயமும் மேல் மாகாணமும்

கொத்மலையின் பெயரில் இரண்டு நீர்மின் திட்டங்கள் இருக்கின்றன. மகாவலித் திட்டத்தில் கட்டி 1985இல் திறந்தது முதலாவது; 201 மெகாவாட். அதற்கு வெறும் கொத்மலை என்றே பெயர். 2012இல் தலவாக்கலையில் திறந்த 150 மெகாவாட் திட்டத்துக்கு ‘அப்பர் கொத்மலை’. பத்திரிகைகள் மேல் கொத்மலை என்று எழுதும். ஆங்கில வகுப்பில் ஒப்புநிலைச் சொற்களைப் படிப்பிக்கும்போது இந்தப் பெயரைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ஒருநாள் ஒரு மாணவி, “சேர், மேல் என்றால் மேற்குத்தானே? மேல் மாகாணம் மாதிரி?” என்று கேட்டாள். அவள் கேள்வி நியாயமானது. அதைப் பின்தொடர்ந்து போனேன்.

முதலில் ஆங்கிலச் சொல்லையே பார்த்தேன். ‘அப்’ என்பதோடு ‘அர்’ சேர்ந்து அமைந்த ஒப்புநிலை வடிவம் அது. ஆனால் ‘டோலர்’, ‘பிக்கர்’ போன்றவற்றின் பின்னால் ‘தான்’ (than) வருவதுபோல இதன் பின்னால் வராது. ஒன்றைவிட மற்றது எவ்வளவு உயரம் என்பதை அது சொல்வதில்லை. ஒரே பொருளை இரண்டாகப் பிரித்து, உயரத்தில் இருக்கும் பாதியைச் சுட்டுகிறது. மற்றப் பாதி ‘லோவர்’. பழைய ஆங்கிலத்தில் ‘நெதர்’. தாழ்நிலம் என்ற பொருளில் நெதர்லாந்தின் பெயரில் இருப்பதும் அதன் உறவுச் சொல்தான். ஆகவே ‘அப்பர்’ என்று சொன்னாலே சொல்லாமல் விட்ட ஒரு ‘லோவர்’ எங்கோ இருக்கிறது. கொத்மலையில் கீழே இருக்கும் அணைக்கு யாரும் அந்தப் பெயரைச் சூட்டவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் இப்படி விகுதி சேர்த்து ஒப்பிடும் வழக்கம் கிடையாது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் இதைக் குறித்திருக்கிறார். நாம் ‘விட’ என்போம், ‘காட்டிலும்’ என்போம். நன்னூலில் ஒப்புக்கும் எல்லைக்கும் ஐந்தாம் வேற்றுமை ஒன்றே. இரண்டு பொருளை ஒப்பிடுவதும் இரண்டு ஊருக்கு எல்லை சொல்வதும் ஒரே உருபால் நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இலக்கணச் செய்தி இது.

என் மாணவியின் குழப்பத்துக்கும் கால்டுவெல்லிடமே விடை கிடைத்தது. தமிழ்நாட்டுக்கு மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். நிலம் உயரும் பக்கம் மேற்கு, தாழும் பக்கம் கிழக்கு. உயரத்தைச் சொன்ன சொல்லே திசைக்கும் பெயராயிற்று. அங்குள்ள ஊர்களில் மேலத்தெரு, கீழத்தெரு என்றால் மேற்குத் தெரு, கிழக்குத் தெருதான். தெருவின் உயரத்தை யாரும் பார்ப்பதில்லை. கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்த நம் முன்னோர் இந்தச் சொல்லோடுதான் மலை ஏறினார்கள்.

மலையில் அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. கொத்மலை ஓயா இங்கே தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. மேல் கொத்மலை அணை இருக்கும் தலவாக்கலை, கீழ் அணைக்குத் தெற்கே, சற்றுக் கிழக்காக இருக்கிறது. மேற்கில் இல்லவே இல்லை. மேல் நீர்த்தேக்கம் நிரம்பும் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1194 மீட்டர். கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு 703 மீட்டர். அந்த உயரத்துக்குத்தான் இங்கே மேல் என்று பெயர். கொழும்பு இருக்கும் மேல் மாகாணமோ கடலோரம். ஒரே நாட்டில், ஒரே அரசாங்கத் தமிழில், ஒரு மேல் மலையில் நிற்கிறது, இன்னொரு மேல் கடற்கரையில் கிடக்கிறது.

தோட்டத்துச் சனங்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். தோட்ட வரைபடத்தில் ‘அப்பர் டிவிஷன்’, ‘லோவர் டிவிஷன்’ என்றிருக்கும். செய்தித்தாளில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு. லயத்தைச் சொல்லும்போது வாயில் வருவது மேட்டு லயம், பணிய லயம். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியம்மாவிடம் ஏன் மேல் லயம் என்று சொல்வதில்லை என்று கேட்டேன். கையில் பிடித்திருந்த கம்பால் மேலே போகும் கல்படிகளைக் காட்டினார். “மேலுன்னா எந்தப் பக்கமுன்னு கேக்கணும் தம்பி. மேட்டு லயமுன்னா மூச்சு வாங்கும். வேற என்னா?” பணிய லயம் படிகள் இறங்கி முடியும் இடத்தில், பீலிக்கரைக்குப் பக்கத்தில் இருந்தது.

பணிதல் என்றால் தாழ்தல். இலக்கியத் தமிழில் வணக்கத்துக்கும் அடக்கத்துக்கும் வரும் சொல், இங்கே சரிவில் கீழே இருக்கும் காம்பிராக்களுக்கு அடையாளமாக நிற்கிறது. திசை, உயரம், உடம்பு, மிகுதி என்று மேல் என்ற சொல்லுக்குப் பல பொருள். மேடு என்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை. அது உயரத்தை மட்டும் சொல்லும். அதனால்தான் மலையில் அது நிலைத்தது என்பது என் கணிப்பு. ‘அப்பர்’, ‘லோவர்’ என்ற சோடிக்கு, ஒன்றைச் சொன்னால் மற்றதும் மனதில் வரும்படி, இவ்வளவு பொருத்தமான தமிழ்ச் சோடி வேறில்லை. வகுப்பில் இப்போது அதை வைத்தே படிப்பிக்கிறேன்.

தோட்ட லயங்களில் வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்டத்து ஒபிஸ் வழியாக வரும் நிலை பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. தனி முகவரி நம் மக்களின் உரிமை. அதை எழுதும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: ஆங்கில வரைபடத்தைப் பார்த்து மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். மேட்டு லயம், பணிய லயம் என்றே எழுதுங்கள்.