சிலை வைத்த சூடு!

ரஷ்யாவில், வோல்கா நதிக்கரையில் சமாரா என்று ஓர் ஊர். அங்கே 2005-ல் ஒரு சிலை வைத்தார்கள். யாருக்குத் தெரியுமோ? ரேடியேட்டருக்கு! மேலே ஜன்னல் திட்டில் ஒரு பூனை சுகமாகப் படுத்திருக்கிறது.

கார் ரேடியேட்டர் இல்லை ஸார். வீட்டுச் சுவரோரம், உள்ளே வெந்நீர் ஓடும் இரும்புச் சமாசாரம். 1850-களில் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிரான்ஸ் சான் கல்லி உருவாக்கியது. ரஷ்யர்கள் அதை 'பத்தரேயா' என்கிறார்கள்.

நான் போனது ஜனவரி. வெளியே மைனஸ் 20. கால் விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டிய குளிர்! "ரேடியேட்டர் மேல காலை வெச்சுக்கலாமா?" என்று வீட்டுக்காரப் பாட்டியைக் கேட்டேன். பதறிவிட்டார். பேரன் மொழிபெயர்த்தான்: "கால் வெந்துடும். பாரம் தாங்காம குழாய் விட்டுக்கிச்சுன்னா, கீழ் வீட்டுக்காரருக்கும் வெந்நீர்க் குளியல்!"

பேரனும் நானும் ஒரு பலகை செய்தோம். மூன்று மரச் சட்டம். நடுவே விரல் அகல இடைவெளி, சூடு மேலே ஏற வேண்டுமே! பாரம் முழுக்க நாலு கால் வழியாகத் தரைக்கு. ரேடியேட்டரில் மாட்டும் இரண்டு கொக்கியும் பலகை நகராமல் பிடிக்க மட்டும்தான்.

ராத்திரி காலை நீட்டினேன். சொர்க்கம்! ஐந்தே நிமிஷம்தான். பாட்டியின் பூனை வந்து பலகையில் படுத்துக்கொண்டது.

சிலை வைத்த ஊர். எதிர்த்துப் பேச முடியுமா?