கட்டை விரலைக் கவனியுங்கள்

பத்து வயசுப் பிள்ளையோடு முதல்முறையாகக் கரீபியன் கடலில் ஸ்கூபா டைவிங் போக உத்தேசமா? டிக்கெட் எடுக்குமுன் காலண்டரைப் பாருங்கள். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன். பயமாக இருந்தால் பொனேர் தீவு தேவலை. வெனிசுவேலாவுக்குப் பக்கத்தில், புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே ஒதுங்கி இருக்கிறது. ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்தே இறங்கலாம். படகு, தலைசுற்றல் ரெண்டும் மிச்சம்.

'பாடி' என்கிற சர்வதேசப் பயிற்சி அமைப்பு 10 வயதிலிருந்து ஜூனியர் சர்டிபிகேட் தருகிறது. அந்த வயதில் 12 மீட்டர் ஆழம் வரைதான். கூடவே பயிற்சியாளரோ, சர்டிபிகேட் வாங்கிய அப்பா அம்மாவோ இருக்க வேண்டும். ஆக, நீங்களும் படிக்கணும் சார்! முதல் பாடம், தண்ணீருக்குள் மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும்.

எல்லாம் சரி, ஆசை பிள்ளைக்கா, உங்களுக்கா?

ஊரில் கட்டை விரலை உயர்த்தினால் 'சூப்பர்'. கடலுக்குள் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். காட்டியவரைக் குறை சொல்லக் கூடாது என்பது டைவர்கள் மதிக்கிற சட்டம். கிளம்புமுன்பே இதைப் பிள்ளையிடம் சொல்லிடுங்க. 'இவ்வளவு செலவு பண்ணி வந்தோமே' என்று ஒருமுறை முகம் சுளித்தீர்களானால், அடுத்த முறை எவ்வளவு பயந்தாலும் அந்த விரல் உயராது.

உயர்ந்தால் பேசாமல் மேலே வாருங்கள். மீன் எங்கே போய்விடப் போகிறது?