கனவளவில் 27

சென்ற புரட்டாதியில் தீப்பள்ளயத்துக்காகப் பாண்டிருப்புக்குப் போயிருந்தேன். விழா முடிந்த பின்னரும் ஊரில் தங்க நேர்ந்தது. காரணம் தங்கையின் மகன். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் அவன், காந்தத்தின் அருகே விறைக்கும் இறப்பர் ஒன்றைச் செய்து பாடசாலைக் கண்காட்சியில் வைக்க விரும்பினான். ஆங்கிலக் கட்டுரைகளின் சாரத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பாயிற்று. நான் கலைப் பட்டதாரி. முப்பது ஆண்டுகளாகச் செய்திகளை மொழிபெயர்த்தும் செப்பனிட்டும் வந்தவன். இது எம்மாத்திரம் என்று எண்ணினேன்.

சூட்சுமம் எளிது. இறுகாத சிலிக்கோனில் நுண்ணிய இரும்புத்தூளைக் கலந்து, இரு காந்தங்களுக்கிடையே வைத்து இறுகவிட வேண்டும். துகள்கள் மணிமாலை போலக் கோத்து நிற்க, அந்த நிலையிலேயே சிலிக்கோன் இறுகிவிடும். பின்னர் காந்தப்புலம் படும்போது துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் பொருள் விறைக்கிறது. புலம் நீங்கினால் பழையபடி நெகிழ்கிறது. மோட்டார் வாகனங்களில் அதிர்வைத் தாங்கும் பாகங்களுக்காக ஃபோர்ட் நிறுவனத்தார் 1990களில் இதனை ஆராய்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான எல்.சி. டேவிஸ் 1999இல் வெளியிட்ட கணிப்பை இவ்வாறு எழுதிக் கொடுத்தேன்: "இரும்பு 27 சதவீதம் இருப்பதே உகந்தது, விறைப்பு ஏறக்குறைய 50 சதவீதம் கூடலாம்."

ஆய்வுகூடங்கள் சில மைக்ரோன் பருமனுள்ள தூய இரும்புத்தூளைப் பயன்படுத்துகின்றன. எங்களுக்குக் கிடைத்தது பட்டறை அரத்தூள், துணியில் சலித்தோம். கண்ணாடி ஒட்டும் சிலிக்கோன் பசையோடு அதை நிறுத்துக் கலந்தான். வீடெங்கும் வினாகிரி மணம். பழைய ஒலிபெருக்கிகளில் கழற்றிய இரு காந்தங்களுக்கிடையே சில நாட்கள் காயவிட்டான்.

சோதிக்கும் விதத்தில்தான் அவனுடைய கெட்டித்தனம் தெரிந்தது. இறப்பர்த் துண்டை இரு பலகைகளுக்கிடையே ஒட்டி, ஒரு பலகையை அசையாமல் பொருத்தினான். மற்றதை நூலினால் கீழே இழுத்தான். இரும்புப் படிக்கற்களைக் காந்தம் இழுத்துவிடும் என்பதால், எடைக்கு நீர் நிரப்பிய போத்தல். நுண்ணிய அசைவைப் பெருக்கிக் காட்ட ஒரு தென்னை ஈர்க்கு. காந்தங்களை இருபுறமும் வைத்துப் பத்து முறை, எடுத்துவிட்டுப் பத்து முறை அளந்தான். இரண்டு வரிசைக்கும் வித்தியாசமே இல்லை. நாலைந்து அளவுகள் மட்டும் தற்செயலாக நமக்குச் சாதகமாக இருந்தன.

"இவற்றை மட்டும் எழுதினால் போதுமே" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "பிடிக்காத அளவ வெட்டினா, மறுகா என்னத்துக்கு மாமா அளக்கிற?"

மறுநாள் காலை என் குறிப்புத் தாளோடு வந்தான். "இந்த 27 நிறையிலயா, கனவளவிலயா?"

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். கனவளவில் என்றே இருந்தது. வாக்கியம் கச்சிதமாக இருக்கட்டும் என்று அந்த ஒரு சொல்லை நான்தான் வெட்டியிருந்தேன். இரும்பு சிலிக்கோனைவிட ஏழு மடங்கு அடர்த்தியானது. நிறையில் 27 சதவீதமென்றால் கனவளவில் வெறும் ஐந்துதான். துகள்களுக்கிடையே தூரம் அதிகம், இழுப்பு மிகக் குறைவு. கனவளவில் 27 வேண்டுமானால் நிறையில் முக்கால் பங்கு இரும்பாக இருக்க வேண்டும்.

மீண்டும் கலந்தான். கலவை பிட்டு மாப்போல உதிர்ந்தது. அழுத்தி அழுத்திச் சேர்த்தான். இம்முறை காந்தம் இருந்தபோது ஈர்க்கு சற்றே குறைவாகச் சாய்ந்தது. டேவிஸ் சொன்ன அளவுக்கு எட்டவில்லை. எங்கள் தூளும் காந்தமும் அதற்குப் போதா. ஆனால் பத்தில் எட்டு முறை அப்படியே நிகழ்ந்தது.

கண்காட்சியில் இரு துண்டுகளையும், இரு அட்டவணைகளையும் வைத்தான். முதலாவதன் கீழே, "கலவை விகிதம் பிழை" என்று எழுதியிருந்தான். யாருடைய பிழை என்று எழுதவில்லை. பரிசு கிடைக்கவில்லை, அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இந்த முப்பது ஆண்டுகளில், கச்சிதம் கருதி இப்படி எத்தனை 'கனவளவில்'களை வெட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அவற்றை அளந்து பார்த்துக் கேட்க அங்கே எனக்கு ஒரு மருமகன் இருக்கவில்லை.