தேசிக்காயும் வெயிலும்

முகத்தில் ஒரு பரு எழுந்துவிட்டால் போதும், நமது ஊரில் காண்போர் அனைவரும் வைத்தியராகிவிடுவர். கட்டுகஸ்தோட்டைப் பேருந்தில் அருகில் அமர்ந்திருக்கும் அம்மா, மத்திய சந்தையில் மரக்கறி விற்பவர், கோயில் வாசலில் சந்திக்கும் தூரத்து உறவினர் என ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஒருவர் தேசிக்காய்ச் சாறு என்பார். மற்றொருவர் கறுவாத்தூளும் தேனும் என்பார். இன்னொருவர் உள்ளியைத் தட்டிப் பூசச் சொல்வார். யார் சொன்னாலும் ஒரு வாசகத்துடன்தான் முடிப்பர்: "எல்லாம் இயற்கையானதுதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?"

என்ன கெடுதல் வரும் என்பதை நான் அண்மையில் மிக அருகிலிருந்து கண்டேன். நண்பர் ஒருவரின் மகள், க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள். கன்னங்களில் இருந்த பருக்களைப் போக்கும் எண்ணத்தில் காலையில் தேசிக்காய்ச் சாற்றை விரலால் தொட்டுப் பூசிக்கொண்டு, பிரத்தியேக வகுப்புக்கு வெயிலில் நடந்து சென்றிருக்கிறாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எரிவு கண்டது. மூன்றாம் நாள் கொப்புளங்கள். அவை வற்றிய பின்னர், விரல் சென்ற வழியெல்லாம் கரும்பழுப்புக் கோடுகள் நின்றன. சாறு வழிந்த தாடையிலும் ஒரு கோடு. பருக்களோ முன்போலவே இருந்தன. "யார் அடித்தது?" என்று ஒரு தோழி கேட்டாளாம். அதன்பின் அந்தப் பிள்ளை பல வாரங்கள் வகுப்புக்குச் செல்லவில்லை. கோடுகள் மறைய மாதங்கள் சென்றன. அவள் தவறவிட்ட பாடங்கள் தவறியவைதான்.

இது ஏதோ ஒரு பிள்ளைக்கு நேர்ந்த அபூர்வ விபத்து அன்று. தேசிக்காய் இனத்துப் பழங்களில், குறிப்பாகத் தோலில், சோரலென் வகை இரசாயனங்கள் உள்ளன. இவை சருமத்தில் பட்டபின் சூரியனின் புறஊதா ஏ கதிர்கள் விழுந்தால், சருமத்தின் உயிரணுக்கள் சேதமடைகின்றன. எரிவு உடனே தோன்றாமல் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தோன்றுவதால், காரணம் இன்னதென்று பலருக்குத் தெரிவதில்லை. தேசிக்காயின் உறவான பேர்கமொட் பழத்தின் எண்ணெய் கலந்த வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வெயிலில் சென்றவர்களின் சருமம் கறுத்ததை, பிரொயின்ட் என்ற மருத்துவர் 1916இலேயே எழுதிவைத்துள்ளார். கண்டி குளிர்ந்த ஊர் என்ற எண்ணமும் நம்மை ஏமாற்றுகிறது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில். ஹந்தானை மலையை முகில் மூடியிருக்கும் நாளிலும் அந்தக் கதிர்களிற் பெரும்பகுதி கீழே வந்துசேரும்.

இதில் வியப்பு என்னவென்றால், தாவரமும் வெயிலும் சேர்ந்தால் தோலின் நிறம் மாறும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். வெண்புள்ளி நோய்க்குக் கார்போகரிசியைக் கொடுத்து, நோயாளியை வெயில் காயச் செய்வது பழைய வைத்திய முறை. அந்த விதையில் இருப்பதும் இதே சோரலென்தான். எகிப்தியர் நைல் நதிக்கரைச் செடி ஒன்றை இதே நோய்க்குப் பயன்படுத்தினர். 1940களில் அந்நாட்டு விஞ்ஞானிகள் அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தனர். 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் அதே மருந்தையும் புறஊதா ஒளியையும் சேர்த்துச் செதிள் படை நோய்க்குச் சிகிச்சை அளித்தனர். அன்றைய வைத்தியர் அளவு பார்த்தார், ஆளைப் பார்த்தார், எவ்வளவு நேரம் வெயில் என்று பார்த்தார். நாமோ வைத்தியரை விட்டுவிட்டோம். சரக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயரிட்டிருக்கிறோம்.

ஏனைய பொருட்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். நமது சருமம் இலேசான அமிலத்தன்மை கொண்டது; அதன் பி.எச். அளவு ஏறத்தாழ ஐந்து. தேசிக்காய்ச் சாறு இரண்டு அளவில் நிற்பது. அப்பச்சோடா எட்டுக்கு மேல். ஒன்று அரிக்கும், மற்றது காக்கும் படலத்தைக் கரைக்கும். பச்சை உள்ளி தோலைத் தீப்பட்டதுபோல் புண்ணாக்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பல உண்டு. உலகம் விரும்பி வாங்கும் நமது கறுவாவின் வாசனைப் பொருளே, ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இடம்பெற்றது. தலைக்கு வைக்கும் எண்ணெயும் களிம்பும் நெற்றியில் பரு உண்டாக்குவதை 1970இல் வெளிவந்த ஆய்வொன்று விளக்கியது. மஞ்சளைப் பற்றிச் சொல்வதானால், 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை பன்மடங்கு ஏறியபோது, மஞ்சள் என்ற பெயரில் மாவும் சாயமும் விற்கப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது.

பரு அழுக்கினால் வருவதில்லை. பருவ வயதின் சுரப்புகள் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்ட, துவாரம் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகி வீங்குவதே பரு. மேலே தேய்ப்பதனால் உள்ளே உள்ளது தீராது. மாறாக, நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கரிய நிறத்தவருக்கும் ஒவ்வொரு எரிச்சலும் ஒரு கறுப்புத் தழும்பாக எஞ்சும்.

பத்திரிகைத் தொழிலில் நான் கண்ட ஒன்றையும் இங்கு சொல்ல வேண்டும். ஒரு விபத்துச் செய்திக்குப் பொலிஸாரின் கூற்று வேண்டும், மரணச் செய்திக்கு வைத்தியசாலையின் உறுதி வேண்டும். ஆனால் பெண்கள் பக்கத்தின் அழகுக்குறிப்புக்கு எழுதியவர் பெயர்கூட வேண்டியதில்லை. பக்கத்தில் நான்கு அங்குல இடம் எஞ்சினால் அதை நிரப்பத் தேசிக்காய் வரும். அச்சில் வந்ததால் அது உண்மையாகிவிடும். இன்று அதே குறிப்புகள் கைத்தொலைபேசிக் காணொளிகளாக உலா வருகின்றன. சொல்பவரின் முகம் தெரிகிறது என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

மக்கள் சமையலறையை நாடுவதை நான் ஏளனம் செய்யவில்லை. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை வைத்தியசாலையிலேயே வழமையான சத்திரசிகிச்சைகளை ஒத்திவைக்க நேர்ந்தது. அக்காலத்தில் பருவுக்குக் களிம்பு வாங்கப் பணம் கேட்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? தாவர மருந்து அனைத்தும் பொய் என்பதும் என் வாதமன்று. தேயிலை மர எண்ணெய் எனப்படும் அவுஸ்திரேலியச் செடியின் எண்ணெயை, ஐந்து சதவீத அளவில், 124 நோயாளிகளிடம் சோதித்து, மெதுவாகவேனும் அது பருக்களைக் குறைக்கிறது என்று 1990இல் அந்நாட்டவர் நிறுவினர். அளந்தார்கள், ஒப்பிட்டார்கள், பின்னரே சொன்னார்கள். அதுவே வேறுபாடு.

ஆகவே பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வரிசையில் ஒரு காலைப் பொழுது போகும், மருந்து பலன் தர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அந்தப் பொறுமை இல்லாததால்தான் பிள்ளைகள் தேசிக்காயை வெட்டுகிறார்கள். சாறு ஏற்கெனவே பட்டுவிட்டதென்றால், உடனே சவர்க்காரமிட்டுக் கழுவி, வெயிலில் செல்லாதிருக்கட்டும். "பருவயதில் இதெல்லாம் வரும், போகும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வரும், போகும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணாடியைத் தவிர்த்து நடக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு மூன்று வருடங்கள் மிக நீண்டவை.