எந்த அறையைப் பூட்டுவது?

சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் செல் உயிரியல் சொல்லித்தருகிறேன். எங்கள் செய்முறை வகுப்பு வெங்காயத்தில்தான் தொடங்கும். அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். அதன் நுனியைக் காலையில் நறுக்க வேண்டும். பிரியும் செல்கள் அப்போது நிறையக் கிடைக்கும். மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டுவைத்து, நீர்த்த அமிலத்தில் சூடாக்கி இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துக் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். விரல் வழுக்கினால் செல்கள் கிழியும். அழுத்தம் போதாவிட்டால் குரோமோசோம்கள் குவிந்து கிடக்கும். லீவு நாளில் வீட்டில் பட்டாசுக் குழாய் உருட்டிப் பழகிய கைகளுக்கு இந்த அழுத்தம் சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது.

அடுத்த வகுப்பில், நறுக்குவதற்கு முன் வேரைக் கொஞ்ச நேரம் கால்ச்சிசின் கரைசலில் வைப்போம். தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறவர்கள் விதையை விற்பதே இந்தக் கால்ச்சிசினுக்காகத்தான். குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் உருவாகவிடாமல் அது தடுத்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் நடுவழியில் நின்றிருக்கும். "அப்போ இதையே கேன்சருக்குக் கொடுக்கலாமே, சார்?" என்று யாராவது கேட்காமல் அந்த வகுப்பு முடியாது.

கேள்வி சரியானது. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் அதே இழைகளைத்தான் கெடுக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கியமான மருந்து. ஆனால் நரம்புக்குள் சரக்கு போகும் பாதையும் அதே வகை இழைதான் என்பதால் கை கால் மரத்துப்போகும். கால்ச்சிசினோ புற்றுநோய்க்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நஞ்சு. செல்லை நிறுத்துவது பெரிய காரியமில்லை. எதை நிறுத்துகிறோம் என்பதில்தான் இந்தத் தொழில் இருக்கிறது.

இழையை விட்டுவிட்டு, 'இப்போது பிரி' என்று கட்டளையிடும் நொதியைப் பிடித்தால் என்ன? அந்த நொதிகளைக் காட்டித்தந்தவை ஈஸ்டும் கடல் முள்ளெலியின் முட்டையும். லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹண்ட் மூவரும் அதற்காக 2001இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஈஸ்டில் அப்படி ஒரு நொதியின் பழுதான மரபணுவுக்குப் பதிலாக மனிதனுடையதைப் போட்டாலும் செல் பிரிகிறது என்று 1987இல் நர்ஸின் ஆய்வகம் காட்டியது. ஆச்சரியமான சேதிதான்; மருந்து தேடுகிறவனுக்கு எச்சரிக்கையும்கூட. அவ்வளவு பழைய நொதி என்றால் நோயாளியின் நல்ல செல்களிலும் அதுவேதான் வேலை செய்கிறது.

அந்த எச்சரிக்கை அல்வோசிடிப் விஷயத்தில் பலித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஒரு மரத்தின் ரோஹிட்டுகின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துச் செய்த மருந்து அது. செல் பிரிவைக் கட்டுப்படுத்தும் சிடிகே நொதிகளுக்கு எதிராக முதலில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டதும் அதுதான். அது பல சிடிகேக்களை ஒன்றாகப் பிடித்தது. கட்டிப் புற்றுநோய்களில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. சிடிகேக்களையும் சேர்த்து நம் உடலில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ் நொதிகள் உண்டு. மருந்து போய் அடைப்பது, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து உட்காரும் குழியை; அது அத்தனையிலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை, செலுத்தும் அறை, திரி வைக்கும் அறை எல்லாம் இடைவெளி விட்டுத் தனித்தனியே நிற்கும். ஒரு அறையில் கோளாறு என்றதும் ஆலையையே பூட்டினால் எல்லோர் பிழைப்பும் போகும். விவரமான போர்மேன் எந்த அறை என்று பார்த்து அதை நிறுத்துவார்.

பால்போசிக்ளிப் அப்படி வந்தது. அது சிடிகே 4, 6 இரண்டை மட்டும் குறிவைக்கிறது. ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய் செல்கள் அந்த இரண்டையும் பெரிதும் நம்பியிருக்கின்றன. 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்ததும் பல கம்பெனிகள் விலை குறைத்து விற்கத் தொடங்கின. 21 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. அந்த ஓய்வு எதற்கு என்று மாணவர்களிடம் கேட்பேன். எலும்பு மஜ்ஜையின் செல்களும் பிரிய வேண்டியவை. மருந்து அவற்றையும் நிறுத்துகிறது, வெள்ளணுக்கள் குறைகின்றன. ஆனால் அவை சாவதில்லை, காத்திருக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி பிரியத் தொடங்கும். குறி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நல்ல செல்லுக்கு அவகாசம் தரத்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றால் பாதிப் பேர் கம்ப்யூட்டரில் டாக்கிங் செய்கிறார்கள். ஒரு மூலிகைப் பொருளை சிடிகே 2இன் குழியில் பொருத்தி, மைனஸ் ஒன்பது என்று மதிப்பு வந்தவுடன் 'புற்றுநோய் மருந்து' என்று தலைப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது, குழியில் பொருந்தக்கூடும் என்ற கணிப்பை மட்டும்தான். ஆகவே முதலில், நொதியின் படிகத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்த மூலக்கூறை எடுத்துவிட்டுத் திரும்பப் பொருத்தச் சொல்வேன். பழைய இடத்திலேயே அது உட்காராவிட்டால் மற்ற எந்த எண்ணையும் நம்ப முடியாது. பிறகு அதே மூலிகைப் பொருளை, நிறுத்தக் கூடாத மற்ற கைனேஸ்களிலும் பொருத்திப் பார்த்து அட்டவணையில் பக்கத்திலேயே போட வேண்டும். அந்தப் பத்தி காலியாக வரும் புராஜெக்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.