தன் முதுகு தனக்குத் தெரியாது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் எங்கள் பழைய மாணவன் ஒருவன் துபாயிலிருந்து வந்திருக்கிறான். படிப்பில் நடுத்தரம், கை வேலையில் கெட்டிக்காரன். மீலாத் விழாவுக்கு அவன் கட்டிய மேடையை அவிழ்க்க அவனையேதான் கூப்பிட வேண்டியிருக்கும். அங்கே என்ன வேலை என்று கேட்டோம்.

"பரசூட் மடிக்கிற, சேர்" என்றான்.

நாங்கள் சிரித்துவிட்டோம். பாம் ஜுமைரா தீவுக்கு மேலே ஆட்கள் குதிக்கிற வீடியோ நம் எல்லோருடைய போனுக்கும் வந்திருக்கும். "காசு கொடுத்து மௌத்தாகப் போறானுகள்" என்று சொல்லித் தள்ளிவிட்டிருப்போம். சுதந்திர தினத்தில் நம் படையினர் பரசூட்டில் இறங்கினால் மட்டும் டிவிக்கு முன்னால் இருந்து கை தட்டுவோம். அப்படிக் குதிக்கிறவர்களின் பரசூட்டைத்தான் நம் பொடியன் மடித்துக்கொண்டிருக்கிறான். மூன்று இரவு இஷாவுக்குப் பிறகு கடற்கரையில் பிளேன்டியோடு அவனை உட்கார வைத்துக் கேட்டோம். நாங்கள் என்றால் வழமையான மூன்று பேர்தான். மௌலவி சேரும் அதில் ஒருவர்.

விமானம் சுமார் 13,000 அடி உயரத்தில் கதவைத் திறக்குமாம். வயிறு நிலத்தைப் பார்க்க விழுகிற ஆள் மணிக்கு 190, 200 கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் விழுவார். அந்த வேகத்தில் பரசூட் ஒரேயடியாக விரிந்தால் துணியும் கிழியும், ஆளும் தாங்கமாட்டார். அதனால் அது விரிவதையே தாமதப்படுத்த வேண்டும். கயிறுகளை நான்கு மூலையிலும் கோத்தபடி ஸ்லைடர் என்றொரு நீள்சதுரத் துணி இருக்கிறது. காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு அது கயிறுகள் வழியே மெல்லக் கீழே இறங்க இறங்க, மேலே பரசூட் அகலும். அந்தத் துணியை உச்சிக்குத் தள்ளி வைத்து மடிப்பது இவன் பொறுப்பு. சாறனை மணலில் விரித்து மடித்துக் காட்டினான். பரோட்டா போடுகிறவனின் கை மாதிரி ஓடியது.

ஒரு பயிற்றுநர் முன்பின் தெரியாத ஒருவரைத் தன் நெஞ்சோடு நான்கு கொக்கிகளில் மாட்டிக்கொண்டு குதிப்பதற்குத் தாண்டம் என்று பெயர். அதற்கான பரசூட் 300 சதுர அடிக்கு மேல். எங்கள் ஆசிரியர் ஓய்வறையின் தரை முழுக்க விரிக்கலாம். அதை ஒரு புத்தகப் பை அளவுக்குள் அடக்க வேண்டும்.

அவன் பயப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. பெரிய பரசூட்டைப் பையிலிருந்து இழுத்தெடுப்பது ஒரு சின்னப் பரசூட். முந்திய குதிப்பில் வேலை முடிந்ததும் அது சுருங்கிப் போயிருக்கும். அதன் நடுக்கயிற்றை இழுத்து, மறுபடி விரியக்கூடியதாக ஆக்கிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். மறந்தால், அடுத்தவர் குதிக்கிற நேரம் அது நனைந்த கைலேஞ்சி போல காற்றில் ஆடுமே தவிர எதையும் இழுக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பையை மூடிய பிறகு, அந்தக் கயிற்றை இழுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்திருக்கிறது. பெரியவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். ஏச்சு விழும் என்று நினைத்தானாம். அவர் ஒன்றும் சொல்லாமல் பையைப் பிரித்துத் தரையில் போட்டுவிட்டு, திரும்ப மடிக்கச் சொல்லியிருக்கிறார். இழுத்துத்தான் இருந்ததாம்.

மௌலவி சேர் இதை ரசித்தார். வுழு இருக்கிறதா முறிந்ததா என்று சந்தேகம் வந்தால், உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்று பிக்ஹில் படிப்பிக்கிறோம். பரசூட்டில் சட்டம் தலைகீழ். சந்தேகம் வந்தால் உறுதி போய்விட்டது, அவ்வளவுதான்.

முதுகுப் பையில் உண்மையில் இரண்டு பரசூட்கள். மேல் பக்கம் இருப்பது ரிசர்வ். அதை இவன் மடிக்க முடியாது. அமெரிக்காவில் அதற்கென்று அனுமதிப்பத்திரம் பெற்ற ரிகர்தான் மடிக்கலாம் என்பது சட்டம். ஒரு தடவையும் பாவிக்காவிட்டாலும் 180 நாளுக்குள் பிரித்து, பரிசோதித்து, மடித்து, முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நெஞ்சில் வலப் பக்கம் உள்ள பிடியை இழுத்தால் பழுதான பரசூட் கழன்று போகும். இடப் பக்கப் பிடியை இழுத்தால் ரிசர்வ் வரும். கழற்றும் வேலையைச் செய்வது இரு தோளிலும் இருக்கிற மூன்று மூன்று வளையங்கள். பெரியதற்குள் நடுத்தரம், நடுத்தரத்துக்குள் சின்னது. தொங்குகிற ஆளின் பாரம் வளையத்துக்கு வளையம் குறைந்து, கடைசியில் ஒரு சின்னக் கயிற்றுத் துண்டு தாங்குகிற அளவுக்கு வந்துவிடும். 1970களில் பில் பூத் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. வருஷா வருஷம் நெம்புகோலுக்குக் கத்தரிக்கோலையும் பாக்குவெட்டியையும் உதாரணம் காட்டிக் களைத்துப்போன எங்களுக்கு இது எவ்வளவு பெரிய சொத்து!

இதற்கும் மேலே ஒரு சின்ன மின்கருவி. ஜேர்மனியில் செய்த சைப்ரஸ், 1991இல் வந்தது. ஆள் மயங்கிவிட்டார், அல்லது உயரத்தை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழமையான வகையில், நிலத்துக்கு 750 அடி இருக்கும்போதும் ஆள் செக்கனுக்கு 35 மீற்றர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், அது தானாகவே ரிசர்வ் பையை மூடிய கயிற்றை வெட்டிவிடும். தாண்டத்துக்கு இன்னும் உயரத்திலேயே வெட்டும்.

ஆனால் எங்களைப் பிடித்து உலுப்பியது கருவிகள் அல்ல, அவர்களுடைய பழக்கவழக்கம்.

குதிக்கிறவர்கள் பையைப் போடுமுன் ஒரு தடவை, விமானத்தில் ஏறுமுன் ஒரு தடவை, குதிக்குமுன் ஒரு தடவை என்று பார்க்கிறார்கள். கடைசித் தடவை தானாகப் பார்க்க முடியாது. பையை மூடுகிற ஊசி முதுகில் இருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நாம் சொல்வதை அவர்கள் வேலையாகவே செய்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "பார்க்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு முதுகைக் காட்டுவார்கள். கேட்காமல் மற்றவரின் பையைத் தொடுவது மரியாதைக்கேடு. கேட்டபின் பார்க்காமல் "சரி" என்று தட்டிவிடுவது அதைவிடப் பெரிய மரியாதைக்கேடு. காற்று சரியில்லை என்று ஒருவர் குதிக்காமல் விமானத்திலேயே திரும்பி இறங்கினால் யாரும் கேலி பண்ணுவதில்லை. கீழே விரித்திருக்கிற பரசூட்டை மிதிக்கக் கூடாது. பரசூட்டில் இறங்கும்போது கீழே இருப்பவருக்குத்தான் வழி, மேலே வருகிறவர் விலக வேண்டும். (நமது சந்தியில் யாருக்கு வழி என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.) எதையாவது முதல் தடவை செய்தவர் எல்லோருக்கும் பியர் வாங்கிக் கொடுப்பதும் ஒரு வழக்கமாம். நம்மவன் பயிற்றுநரோடு முதல் தடவை குதித்த அன்று பலூடா வாங்கிக் கொடுத்திருக்கிறான். மௌலவி சேர் இதை மூன்று தடவை விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

இனி, நாங்கள் இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயம்.

போன வருஷம் ஒரு காலையில், ஆயிரக்கணக்கில் குதித்த ஒரு பயிற்றுநர் விமானத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார். நம்மவன் மடித்த பைகளை எடுத்துக்கொண்டு எதிரே வருகிறான். அவருடைய நெஞ்சுப் பட்டி வளையத்துக்குள் சரியாகப் போகவில்லை. பார்க்கப் போட்ட மாதிரித்தான் இருக்கும், பாரம் விழுந்தால் வழுகிவிடும்.

"எனக்குத் தொண்டை அடைச்சிட்டு, சேர். அவர் எங்க, நான் எங்க? அவர்ட சம்பளம் என்ன, என்ட சம்பளம் என்ன? சொன்னா என்னை மேல கீழ பார்ப்பார் எண்டு நினைச்சன். ரெண்டு எட்டு தாண்டியும் போயிட்டன். பிறகு திரும்பிக் கூப்பிட்டுச் சொன்னன்."

அவர் நின்றாராம். பட்டியைக் கழற்றித் திரும்பப் போட்டாராம். இவனையே இழுத்துப் பார்க்கச் சொன்னாராம். பின்னேரம் எல்லோருக்கும் முன்னால், "இன்றைக்கு நான் பிழை விட்டேன், இவன் பார்த்தான்" என்று சொல்லியிருக்கிறார். அங்கே மூன்று தடவை குதித்த மாணவன் மூவாயிரம் தடவை குதித்தவரிடம் பிழையைச் சொல்லலாம். சொன்னவன் குறைந்தவனாக மாட்டான், கேட்டவரும் குறைந்தவராக மாட்டார்.

அவன் இதைச் சொல்லி முடித்தபோது நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன நோன்பில், தறாவீஹ் முடிந்த ஓர் இரவு. பள்ளிவாசல் கேட்டில் இதே மூன்று பேரும்தான் நின்றோம். எங்கள் மாணவன் ஒருவன் புதிய மோட்டார் சைக்கிளை எடுத்தான். பெயர் சொல்லத் தேவையில்லை, ஊருக்கே தெரியும். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தான். கிளிப் கன்னத்தில் தொங்கியது. எங்களைக் கண்டு ஸலாம் சொன்னான். பதில் சொன்னோம். கிளிப்பையும் பார்த்தோம். மூவரும் பார்த்தோம் என்பது பிறகு பேசும்போதுதான் தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை? அதற்கு இரண்டு மாதத்துக்கு முன் எங்களில் ஒருவர் வேறொரு பிள்ளையிடம் இதையே சொல்லப்போய், "ஸ்கூலுக்குள்ளதான் நீங்க சேர், றோட்டுல இல்ல" என்று அந்த வீட்டாரிடம் வாங்கிக் கட்டியிருந்தார். நோன்பு இரவில், நாலு பேருக்கு முன்னால், நமக்கேன் வம்பு என்று நினைத்தோம். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் தேடியும் கிடைக்கவில்லை.

வளைவில் ஹெல்மெட் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் கிடந்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல் கூட இல்லை.

கத்ர் என்றோம். அது நம் ஈமான், அதில் பேச்சில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸையும் நாங்களே வகுப்பில் படிப்பித்திருக்கிறோம். கட்டாத ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள்.

பொடியன் நன்றாக ஓட்டுவான், மோட்டார் சைக்கிளிலும் ஒரு பிழையும் இல்லை என்று அந்த நாட்களில் எல்லோரும் சொன்னார்கள். இதைச் சொன்னபோது நம்மவன் இன்னொரு விஷயம் சொன்னான். அமெரிக்காவில் 1970களில் குதிப்பவர்களில் ஆண்டுக்கு நாற்பதுக்கும் மேல் இறந்தார்கள். 2023இல் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகள், இறந்தவர்கள் 10 பேர். ஆனால் இப்போது நடக்கிற மரணங்களில் நிறைய, நன்றாக விரிந்த பரசூட்டின் கீழேதானாம். சின்னப் பரசூட்டை வாங்கி, நிலத்துக்குக் கிட்ட வந்து வேகத்துக்காகச் சடாரென்று வளைக்கிறார்கள். 1000 அடி, 600 அடி, 300 அடி என்று கட்டம் கட்டமாக, சதுரமாகத் திரும்பி இறங்கச் சொல்லித்தான் படிப்பிக்கிறார்கள். பழகியவர்களுக்குத்தான் அது சலித்துப்போகிறது. கருவி பாதுகாப்பாக ஆக ஆக, மனிதன் அந்தப் பாதுகாப்பைச் செலவழிக்க வேறு வழி தேடுவான் என்ற கருத்தில் பில் பூத்தே எழுதியிருக்கிறார்.

அப்பாஸ் இப்னு பிர்னாஸைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். 9ஆம் நூற்றாண்டுக் குர்துபாவில் இறகு கட்டிப் பறந்தவர். அவரைப் பற்றி மக்கரீ எழுதியதில் நாம் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. பறந்தது சரிதான், இறங்கும்போதுதான் முதுகில் அடிபட்டது. பறவை வாலைப் பாவித்து இறங்குவதை அவர் கவனிக்கவில்லையாம்.

இந்தப் பதிவைப் போடுமுன் அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் போனோம். நடந்ததைச் சொன்னோம். பதினைந்து மாதமாக அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொல்லியிருந்தா போட்டிருப்பான், சேர். உங்களுக்கு அவன் நல்ல பயம்" என்றார். பதிவைப் போடச் சொன்னதும் அவர்தான்.

நம் நாட்டு வீதிகளில் ஆண்டுக்கு 2000 பேருக்கு மேல் போகிறார்கள். அது பற்றிப் போலீஸ் பேசட்டும். நாங்கள் பேசுவது பள்ளிவாசல் கேட்டைப் பற்றி.

வருகிற வியாழன் அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் நம்மவன் பரசூட் மடிப்பை ஒரு பெரிய பெட்சீட்டில் செய்துகாட்டுவான். சனிக்கிழமை அவனுக்குப் பயணம். தரம் 10, 11 பிள்ளைகளும், ஏ.எல். பிள்ளைகளும், பெற்றோரும் வாருங்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் ஹெல்மெட்டோடு வாருங்கள். திரும்பிப் போகும்போது கேட்டில் தரம் 8 பிள்ளைகள் நாலு பேர் நிற்பார்கள். "பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு உங்கள் கிளிப்பை இழுத்துப் பார்ப்பார்கள். அதிபர் முதல் மரைக்கார் வரை எல்லோரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். தயவுசெய்து நின்று காட்டிவிட்டுப் போங்கள். பிளேன்டி உண்டு.